சொல்லிவிட்டு வந்த சத்தங்கள்

மல்லசமுத்திரம் போகும் சாலையோரத்து அகதி முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய தகரக் கொட்டகைக்குக் குடிவந்து, பாத்திரங்களைக்கூட இன்னும் அடுக்கியிருக்கவில்லை. மாலை நேரம். மகளுக்குத் தலைவாரச் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தரை ஒரு முறை குலுங்கியது. அதன் பின்னால் வந்த சத்தத்தில் கூரைத் தகரம் முழுவதும் படபடத்தது.

அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நினைவு வந்தபோது கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் மகளை அணைத்தபடி குப்புறக் கிடந்தேன். என் முழங்கை அவள் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. "அப்பா, மூச்சு முட்டுது" என்றாள். வாசலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு மோர்ப் பானை வந்து உட்கார்ந்தது. பிறகு ஒரு பெண்ணின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"ஏனுங்க, என்னத்தையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா? நானும் தேடட்டுங்களா?"

அவர் கேட்டதோடு நிற்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டு, எங்கள் கால்மாட்டில் கையால் துழாவ ஆரம்பித்துவிட்டார். சீப்பை எடுத்தவரும் அவரே.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மனைவி அவர். புதிதாக வந்தவர்களைப் பார்க்க மோர் கொண்டுவந்திருந்தார். என்ன சத்தம் அது என்று என் மனைவி பாத்திரக் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அதுங்களா? எங்க கெணத்துல வேட்டுங்க. மழையே காணோமில்லீங்களா, தண்ணி பாதாளத்துக்குப் போயிருச்சு. பாறைக்கு மருந்து வெச்சு ஆழம் பண்றமுங்க. சாயங்காலம் பொழுதோட தினம் வெடிக்கும். பயந்துக்காதீங்க, சாமி."

தினமும் வெடிக்கும் என்பதை அவர் மோரில் உப்புப் போட்டிருக்கிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஊரில் நான் தபாலதிபர். கடலோரத்தில் சின்னக் கந்தோர். இங்கே சொல்வதென்றால் ஆபீஸ். ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சந்தியில் குண்டு வெடித்தது. கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து ஓடினேன். புகைக்குள் பிள்ளைகளின் புத்தகங்கள் கிடந்தன. மகளின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் போய்விட்டது. அவள் ஒரு தேநீர்க்கடையின் பின்னால் விறகுகளுக்கிடையில் பதுங்கியிருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவளைத் தூக்கியபோதுதான் என் கையில் இன்னும் முத்திரைக் கட்டை இருப்பதைப் பார்த்தேன். பிறகு படகு, மண்டபம் முகாம், விசாரணை, லாரி, இந்தக் கொட்டகை. மகள் கிடைத்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். தேடுவதைத்தான் என்னால் நிறுத்த முடியவில்லை.

இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஒரு வருஷம் விட்டுப்போனாலும் பரவாயில்லை, ஏழாம் வகுப்பில் உட்காரட்டும் என்றார். ஆனால் முகாமிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரே சாலை அந்தக் கிணற்றை ஒட்டியே போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரமும் வேட்டுப் போடுகிற நேரமும் ஒன்று.

ஆகவே அவளை அனுப்பாமலிருக்கக் காரணங்கள் சொன்னேன். முதலில் செருப்பு இல்லை என்றேன். தோட்டத்து அம்மா மறுநாளே ஒரு சோடி செருப்போடு வந்தார். வெயில் என்றேன், இருமல் என்றேன், இங்கத்தைய பாடத்திட்டம் வேறு என்றேன். வீட்டிலேயே சொல்லித் தருகிறேன் என்று தொடங்கி, வேர்க்கடலை மடித்து வந்த செய்தித்தாளை வைத்துப் பாடம் நடத்தினேன். அதில் பாதிக் காகிதம் ஜவ்வரிசி விலை, மீதி லாரி டயர் விளம்பரம்.

"அப்பா, சங்ககிரியில பழைய டயர் எங்க வாங்கலாம் எண்டு எனக்கு நல்லா விளங்கிட்டுது. இனி பூமத்திய ரேகைக்கு எப்ப போவம்?" என்றாள் மகள்.

"வாய் கூடிப்போச்சு" என்றேன்.

"பள்ளிக்கூடம் போனா அங்க போய்க் கதைப்பன். இப்ப உங்களோட மட்டுந்தானே கதைக்கலாம்."

மனைவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பக்கம் என்பது ஊதிய வேகத்திலேயே தெரிந்தது.

அந்த நாட்களில்தான் சேலத்திலிருந்து ஜீப்பில் டாக்டரம்மா வந்தார். மனநல மருத்துவர். முகாம்களில் இருப்பவர்களின் மனநிலையை விசாரித்து உதவுவதற்காக ஒரு தொண்டு அமைப்பு அவரை அனுப்பியிருந்தது. டில்லியில் வளர்ந்தவர். கவனமாக, இலக்கணச் சுத்தமாகத் தமிழ் பேசினார். எங்கள் கொட்டகைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்ததுமே முகாமில் பாதியும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வட்டமாக நின்றுகொண்டார்கள்.

"இவரோடு நான் தனியாகப் பேசலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாப் பேசுங்க. நாங்க சும்மா நிக்கறமுங்க" என்றார் தோட்டத்து அம்மா, அவருக்கு ஒரு டம்ளர் காப்பியை நீட்டியபடி. ஒருவரும் நகரவில்லை.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "மனது எப்படி இருக்கிறது? கெட்ட கனவுகள் வருகின்றனவா? திடீரென்று சத்தம் கேட்டால் பயமாக இருக்கிறதா?"

"ஒண்டுமில்லை, டொக்டர். நாங்கள் நல்ல சுகமா இருக்கிறம்" என்றேன்.

இதைப் பொய் என்று நினைத்து நான் சொல்லவில்லை. நாங்கள் வந்த இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டால் அதற்குக் குட்டையாகப் பதில் சொன்னவன் வீட்டுக்குப் போனான். நீளமாகச் சொன்னவன் போகவில்லை. அது ஒன்று. இன்னொன்று, இவனுக்குப் புத்தி சரியில்லை என்று எழுதிவிட்டால் பிள்ளையை வேறு எங்காவது கொண்டுபோய் வைப்பார்களோ என்று எனக்குள் ஒரு திகில். நல்ல சுகம் என்றால் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

"சுகமுங்களா?" என்று தோட்டத்து அம்மா குறுக்கே வந்தார். "ஏனுங்க போஸ்ட் மாஸ்டருங்க, டாக்டருகிட்டயே இப்படிச் சொல்லலாமுங்களா? அம்மா, நான் சொல்றனுங்க. வேட்டுன்னா இவரு கட்டிலுக்கு அடியில. அம்மிணியையும் இழுத்துக்குவாரு. பாவம், அந்தப் புள்ளைக்கு முழங்காலெல்லாம் சிராய்ப்பு. நேத்து எங்க ஊட்டுக்காரரு ஏரோப்பிளேன்னு வேடிக்கை காட்டினாரு, அதுக்கும் ஓடிட்டாரு. சோறு எறங்கறதில்லை. பள்ளிக்கோடத்துக்கும் புள்ளையை உடமாட்டேங்கறாரு. வேறென்ன கேக்கோணுமுங்க?"

வட்டமாக நின்றவர்கள் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். ஒரு கிழவர் நான் சாப்பிடும் அளவைக் கையால் காட்டினார். டாக்டரம்மாவுக்கு வேறு கேள்வியே மிஞ்சவில்லை. எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாற்காலிக்காரர்களிடம் நான் கண்டிருந்த பார்வை இல்லை.

"இது பைத்தியம் இல்லை" என்றார் முதலில், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு எனக்கு மட்டும், "உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றிப் பழகிவிட்டது. இன்னும் காவலுக்கு நிற்கிறது. அவ்வளவுதான்" என்றார். பிள்ளையைக் கொண்டுபோவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் தோட்டத்து அம்மாவிடம் சொன்னார்: "திடீர் என்பதுதான் இவருக்குக் கஷ்டம். முடிந்தால், பெரிய சத்தம் வருவதற்கு முன்னால் இவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்து வருகிற சத்தம் அவ்வளவு பயமுறுத்தாது."

"அவ்வளவுதானுங்களா? சொல்லிப்போட்டாப் போச்சு" என்றார் தோட்டத்து அம்மா.

நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கத்து மக்களிடம் விருந்தாளிக்கு ஒன்று செய்யச் சொன்னால், சொன்ன அளவோடு நிறுத்தத் தெரியாது. அரைத் தோசை போதும் என்பவனுக்கு நாலு தோசை வைக்கிறவர்கள் அவர்கள். பெரிய சத்தம் எது, சின்னச் சத்தம் எது என்று டாக்டரம்மா பிரித்துச் சொல்லாமல் போய்விட்டார். பிரித்துப் பார்க்கிற ஆபத்தான வேலையை அவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "போஸ்ட் மாஸ்டருங்க! அம்மிக்குழவியைக் கீழ வெக்கப் போறனுங்க! டொம்முன்னு கேக்கும்!"

டொம் என்று கேட்டது.

"கேட்டுதுங்களா?"

"கேட்டது, அக்கா."

"பயமில்லீங்களே?"

"இல்லை."

"அப்ப இனிமே அரைக்கறனுங்க. கரகரங்கும்."

வார முடிவுக்குள் செய்தி சாலை நெடுகப் பரவியிருந்தது. மண்ணெண்ணெய் வண்டிக்காரர் தகரத்தைத் தட்டுமுன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, "தட்டப் போறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தட்டினார். டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "போஸ்ட் மாஸ்டரே, ஆரன் அடிக்கப் போறமுங்கோ!" என்று கத்துவார். ஆரனைவிட அவர் கத்தல்தான் பெரிது. நான் அதற்குத்தான் துள்ளினேன். யாரோ ஒரு பெண் எங்கள் கொட்டகையைத் தாண்டும்போது தன் ஆட்டைக் காட்டி, "இது எப்பக் கத்தும்னு எனக்குத் தெரியாதுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டாள்.

தோட்டத்துக்காரர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தை மேலே தூக்கி, கண்ணைச் சுருக்கி, ஒரு விரலை உயர்த்தினார். "தும்மப் போறனுங்க" என்றார்.

நான் தயாரானேன். மனைவி கரண்டியோடு நின்றாள். பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர் மூக்கு விடைத்தது, வாய் திறந்தது, எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல விரலை இறக்கினார்.

"போயிருச்சுங்க. மறுபடி வந்தா வந்து சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வயிறு வலிக்க, கண்ணில் நீர் வர, கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்குப் பல்லு இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு" என்றாள்.

ஒரு மத்தியானம் ரிக் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் பெரிய லாரிகளில் ஒன்று எங்களுக்கு எதிரே பழுதாகி நின்றிருந்தது. கையெல்லாம் கிரீஸ். வாசலுக்கு வெளியே நின்று, "கம்ப்ரசரைப் போட்டுப் பாக்கோணுமுங்க. காது கிழியும். இப்பப் போடட்டுங்களா, இல்ல நீங்க சாப்பிட்டுப்போட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் தலைக்கு மேல் இரைந்த எதுவும், எங்கள் சந்தியில் வெடித்த எதுவும், ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. "போடுங்கோ" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்ப் போட்டார். காது கிழியத்தான் செய்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்குப் பிறகும் மகளைப் பள்ளிக்கு விடவில்லை.

"எல்லாச் சத்தமும் உங்களிட்டக் கேட்டுத்தானே வருது. இனி என்ன?" என்றாள் அவள்.

"சத்தம் வேற, கல்லு வேற. வேட்டுப் போட்டாக் கல்லுப் பறக்கும். அந்த நேரம் நீ றோட்டில வருவாய். ஆர் நிப்பாட்டுவினம்?"

"அதுக்குச் சிவப்புத் துணியோட ஒரு ஆள் நிக்கிறார்."

"அவர் பீடி பத்த வைக்கேக்க மற்றப் பக்கம் பார்க்கிறார். நான் கண்டனான்."

உண்மையிலேயே கண்டிருந்தேன். பயந்தவனுக்குக் கண் கூர்மை. அன்றைக்கே வேலியோரம் போய்த் தோட்டத்து அம்மாவிடம் முறையிட்டேன். அந்த ஆள் மரத்தில் சாய்கிறார், துணியைத் தோளில் போட்டுக்கொள்கிறார், சைக்கிள்காரர்களை விட்டுவிடுகிறார், பிள்ளைகள் வரும் நேரத்தில் இப்படி நிற்கலாமா என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனும் நாளையிலிருந்து வரமாட்டானுங்க. ரிக் லாரியில வடக்க போறானாமா. எனக்கு வேற ஆளு வேணும். இம்புட்டுப் பயமிருக்கறவரு நீங்களே நின்னாத்தான் என்னங்க? உங்களைவிட ஒழுங்கா வேற எவன் நிப்பான்?"

"நானா?"

"பின்ன? கட்டிலுக்கடியில இருந்துக்கிட்டு ரோட்டைப் பாக்க முடியுங்களா?"

யோசிக்க அவகாசம் கேட்டேன். என் பின்னால் வந்து நின்றிருந்த மகள், "அப்பா நிப்பாருங்க, அத்தை" என்றாள். எந்தக் கடையில் வாங்கினாள் இந்த ஊர் 'ங்க'வை என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

முதல் நாள் மாலை சிவப்புத் துண்டு கட்டிய கம்போடு புளியமரத்தருகே நின்றேன். கிணற்றடியிலிருந்து ஆட்கள் மேலே ஏறி வந்து திரியைப் பற்றவைக்குமுன் என் தலையசைப்புக்குக் காத்திருந்தார்கள். நான் இலேசில் தலையசைப்பேனா? டவுன் பஸ்ஸை நிறுத்தினேன். வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்த மாட்டு வண்டியையும் நிறுத்தினேன். சைக்கிள்காரர் ஒருவரை இறக்கி, சைக்கிளைப் படுக்கப்போட வைத்தேன். தோட்டத்துக்காரர் தன் சொந்தக் கிணற்றுக்குப் போக வந்தார், அவரையும் விடவில்லை.

"ஏனுங்க, இது எங்க தோட்டமுங்க" என்றார்.

"இருக்கலாம். தலை உங்கட தலை. மரத்துக்குப் பின்னால வாங்கோ."

வந்தார். அதன் பிறகே தலையசைத்தேன். திரி எரிந்துகொண்டிருந்தபோது கண்டக்டர் படியிலிருந்து, "போஸ்ட் மாஸ்டரே, தந்தி எதுவும் வந்திருக்குதுங்களா? இப்படி வழிமறிச்சிருக்கீங்க!" என்றார். பஸ்ஸே சிரித்தது. தலையை உள்ளே இழுக்கச் சொல்லி அவரை அதட்டிக்கொண்டிருந்தபோதுதான் வெடித்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிய ஒரு பெண்மணியைத் திட்டி முடித்த பிறகே எனக்கு உறைத்தது. வெடித்துவிட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

நெஞ்சு குதிரைபோல ஓடியது, அதை மறைக்கவில்லை. ஆனால் நின்றது என் கால்கள்தான். குனிந்து அவற்றைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மகள் பள்ளிக்குப் போனாள். காலையில் தோட்டத்து அம்மா வாழையிலையில் கட்டிய கொழுக்கட்டையோடு வந்து அவளை வழியனுப்பினார். நான் பகல் முழுவதும் கொட்டகைக்கும் புளியமரத்துக்குமாக நடந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மாலையில் வழக்கம்போலச் சாலையை மறித்தேன். சேலம் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. டாக்டரம்மா. எங்களைப் பார்க்கத்தான் வந்திருந்தார். இறங்கி என்னையும் கையிலிருந்த கம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

"பயமா இருக்கு, டொக்டர்" என்றேன். "கொஞ்சம் தள்ளி, அந்த மரத்துக்குப் பின்னால நில்லுங்கோ."

சொன்ன பிறகுதான், அவருக்கு இந்த முறை உண்மையான பதிலைச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் எனக்குப் பதிலாகப் பேசவில்லை. டாக்டரம்மா, "சரிங்க" என்று மரத்துக்குப் பின்னால் போனார்.

அப்போது வளைவில் நீலப் பாவாடைகள் தெரிந்தன. பெண் பிள்ளைகளின் கூட்டம். நடுவில் என் மகள், யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு. அவளிடம் ஓடிப்போய் அள்ளிக்கொள்ள வேண்டும் என்று உடம்பு முன்னால் பாய்ந்தது. ஓடினால் சாலை யாரும் காவல் இல்லாமல் கிடக்கும். கம்பை ஊன்றிக்கொண்டேன்.

"நில்லுங்கோ! எல்லாரும் அங்கயே நில்லுங்கோ!"

நின்றார்கள். மகள் என்னை முன்பின் பார்த்திராதவள்போலத் தலையைச் சாய்த்தாள். "வேட்டு வெக்கப் போறாங்களாங்க?" என்று கேட்டாள். தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஓம். காதைப் பொத்துங்கோ."

தலையசைத்தேன். கிணற்றுக்குள் வரிசையாக வெடித்தது. தரை குலுங்கியது. தூசி எழுந்து சோளத் தட்டைகளின் மேல் படிந்தது. நான் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடி, பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். நான் நிற்கிறேனா என்று பார்த்தாள் போலும்.

"முடிஞ்சுதுங்க! போலாமுங்க!" என்று கிணற்று மேட்டிலிருந்து தோட்டத்து அம்மா கூவினார்.

பஸ் உறுமியது. நான் துண்டை இறக்கவில்லை.

"மருந்து வைச்சது அஞ்சு துளை எண்டு சொன்னீங்கள். நாலு சத்தந்தான் கேட்டது" என்றேன்.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருச்சுங்க!"

"எனக்கு நாலுதான் கேட்டது. ஒண்டு இன்னும் வெடிக்காமக் கிடந்தா?"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தோட்டத்துக்காரர் மேட்டில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது, டொக்டர்."

மகள் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். "எங்கப்பா இப்ப விடமாட்டாரு. வாங்க, வீட்டுப்பாடத்தை முடிச்சிரலாம்" என்று தோழிகளையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். பூமத்திய ரேகையைப் பற்றிய பாடம். அவர்கள் அதை முடிக்கும்வரைக்கும் நான் துண்டை உயர்த்திப் பிடித்தபடியே நின்றேன்.